கோள் சொல்லலும் முறையிடலும்

சைவத் தமிழ்க் குடும்பங்களிலே பிள்ளைக்கு முதன்முதலிற் சொல்லிக் கொடுக்கப்படும் அறங்களில் ஒன்று, கோள் சொல்லாதே என்பதாகும். பொய் சொல்லாதே, களவெடுக்காதே என்பவற்றோடு ஒரே மூச்சில் இதுவும் சொல்லப்படுகிறது. திருவள்ளுவப் பெருந்தகையும் புறங்கூறாமை என ஓர் அதிகாரம் முழுவதையும் இதற்கென ஒதுக்கியுள்ளார். ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பழித்து, உறவினரையும் நண்பரையும் பிரித்து வைப்பவனுக்கு எக்காலத்திலும் எந்தச் சமூகத்திலும் மதிப்பு இருந்ததில்லை. ஆகவே இந்த அறிவுரையிற் பிழை ஏதுமில்லை.

ஆனால் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று பாடசாலையால் வந்து, "அம்மா, எங்கட வகுப்பில ஒரு பிள்ளையை எல்லாரும் சேர்ந்து ஒவ்வொரு நாளும் அழ வைக்கினம்" என்று சொல்லும்போதும் பல வீடுகளில் இதே விடைதான் கிடைக்கிறது. "உனக்கேன் தேவையில்லாத வேலை? கோள் சொல்லாமற் போய்ப் படிக்கிற வேலையைப் பார்" என்று சொல்லித் தாயார் அடுப்படிக்குப் போய்விடுகிறார். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை வாய் திறப்பதில்லை. நாளை அதே பிள்ளைக்கு அதே கொடுமை நேர்ந்தாலும் அது வீட்டிற் சொல்லப் போவதில்லை. கோள் சொல்வது பாவம் என்ற நல்ல பாடம், கொடுமையைக் கண்டும் பேசாதிருப்பதே நல்ல பிள்ளைக்கு அழகு என்ற கெட்ட பாடமாக மாறிவிடுகிறது.

அப்படியானால் கோள் சொல்லுதல் எது, முறையிடுதல் எது? அந்த வேறுபாட்டைச் சின்னஞ்சிறு பிள்ளைக்கு எப்படி விளங்க வைப்பது? ஊரிலே பிறந்து வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடி வீடுகளில் வளர்கின்றனர். ஊரிலே ஒழுங்கைக்கு ஒழுங்கை பெரியம்மாவும் மாமாவும் இருந்தார்கள். பிள்ளை அழுதுகொண்டு வந்தால் வீடு வந்து சேர முன்னரே காரணம் வீட்டுக்குத் தெரிந்துவிடும். கொழும்பிலோ பாடசாலை வானில் ஏறியதிலிருந்து மாலை தனியார் வகுப்பு முடிந்து இறங்கும்வரை பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதை அப்பிள்ளையின் வாயால் மட்டுமே அறிய முடியும். அந்த வாயையும் அடைத்துவிட்டால் வேறு வழியில்லை. ஆதலால் இக்கேள்வி கொழும்பிலுள்ள பெற்றோருக்கும் ஊரிலிருக்கும் அம்மம்மா, அப்பப்பாமாருக்கும் ஒருங்கே உரியது.

பகிடி எது, வதை எது?

இலங்கைத் தமிழிலே பகிடி என்றால் சிரிப்பு. பகிடிவதை என்றால் சிரிப்பின் பெயரால் நடக்கும் கொடுமை. இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையைப் பெரியவர்களே பல வேளைகளிற் பிரித்தறிவதில்லை. "பிள்ளைகள் எண்டால் அப்பிடித்தான், தனகுவினம், பிறகு சேருவினம்" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உண்மையுந்தான். விளையாட்டிலே தள்ளிவிடுவதும், கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பதும் குழந்தைப் பருவத்தின் இயல்பு. அவற்றுக்கெல்லாம் அதிபரிடம் போய் நிற்கத் தேவையில்லை.

இந்த எல்லையை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் நோர்வே நாட்டிற் பணியாற்றிய டான் ஒல்வியஸ் என்ற உளவியலாளர். 1970 களிலேயே அவர் இத்துறையில் நூல் எழுதினார். 1982 ஆம் ஆண்டின் இறுதியில் நோர்வேயின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள் தம் உயிரை மாய்த்துக் கொண்டனர். சக மாணவரின் கொடுமையே அதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது. அதன் பின்னரே, 1983 இல், அந்நாட்டு அரசு நாடு முழுவதிலும் உள்ள பாடசாலைகளில் இதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கியது. ஒல்வியஸ் வதைக்கு மூன்று அடையாளங்கள் கூறினார். அது வேண்டுமென்றே செய்யப்படுவது. திரும்பத் திரும்பச் செய்யப்படுவது. எதிர்த்து நிற்க இயலாத ஒருவருக்குச் செய்யப்படுவது.

இவற்றைப் பிள்ளைக்குச் சொல்லப் பெரிய சொற்கள் வேண்டியதில்லை. மூன்று கேள்விகள் போதும். "அவனும் சிரிச்சானா, நீங்கள் மட்டுந்தான் சிரிச்சியளா?" "நேற்றும் செய்தியளா, நாளைக்கும் செய்வியளா?" "அவன் திருப்பி உங்களுக்குச் செய்ய ஏலுமா?" அவனும் சேர்ந்து சிரித்தால் அது பகிடி. அவன் அழ, மற்றவர்கள் சிரித்து, அது நாள்தோறும் நடந்து, அவனால் ஒன்றும் செய்ய முடியாமற் போனால் அது வதை. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும்.

அடிப்பது மட்டும் வதை அன்று. சாப்பாட்டுப் பெட்டியை ஒளித்து வைப்பது, பட்டப்பெயர் சொல்லி வகுப்பே சேர்ந்து கத்துவது, "நீ எங்களோட சேராதே" என்று ஒரு பிள்ளையை மட்டும் விலக்கி வைப்பது, பெரிய வகுப்பு மாணவரானால் வட்ஸ்அப் குழுவிலே ஒருவரின் படத்தைப் போட்டு நகைப்பது ஆகிய அனைத்தும் வதையே. உடம்பிற் காயம் இல்லாதபடியால் இவை பெரியவர்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் மட்டும் வயிற்றுவலி வருகிறது. கொடுத்தனுப்பிய பணம் தொலைந்து போகிறது. நன்றாகப் படித்த பிள்ளையின் புள்ளிகள் குறைகின்றன. இவற்றைச் சோம்பல் என்று ஏசுவதற்கு முன்னர் காரணத்தைப் பொறுமையாக விசாரித்தல் வேண்டும்.

பேசாமல் இரு என்பதன் வரலாறு

கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் "பேசாமல் இரு" என்ற சொல் காரணமின்றி வந்ததன்று. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களைக் கண்டவர்கள் இந்நகரில் வாழ்ந்தார்கள். பஸ்ஸிலே தமிழிற் கதையாதே என்று தாய்மார் பிள்ளைகளுக்குச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. பொட்டை அழித்துவிட்டு வெளியே இறங்கிய நாட்கள் இருந்தன. பின்னர் சோதனைச் சாவடியும் பொலிஸ் பதிவும் வந்தன. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, அடையாள அட்டையைக் காட்டி, தலையைக் குனிந்து வீடு வந்து சேருவதே கெட்டித்தனம் என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. அந்த மௌனம் பலரின் உயிரைக் காத்தது. அதை யாரும் பழிக்க முடியாது.

ஆனால் ஒரு காலத்திற் காத்த கவசம் இன்னொரு காலத்தில் சுமையாகிவிடும். 1983 இற் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று ஐம்பதைக் கடந்தவர். அவர் தாம் கற்ற மௌனத்தையே தம் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் ஊட்டுகிறார். வகுப்பறையில் வதைப்பவனுக்கு வேண்டியதும் அந்த மௌனமே. வதைப்பவன் முதலிற் சோதித்துப் பார்ப்பது, இவன் வீட்டிற் சொல்வானா என்பதைத்தான். சொல்ல மாட்டான் என்று தெரிந்த பின்னரே அவன் துணிகிறான்.

2025 ஆம் ஆண்டு கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை மாணவியின் மரணம் நாடு முழுவதையும் உலுக்கியது. மக்கள் வீதியில் இறங்கி நீதி கேட்டனர். பாராளுமன்றத்திலும் அது பேசப்பட்டது. அவ்விடயத்தில் யார்மீது குற்றம் என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் கடமை. ஆயினும் ஒவ்வொரு பெற்றோரும் தமக்குத் தாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தம் பிள்ளைக்கு ஒரு துன்பம் நேர்ந்தால், அதை வாய்விட்டுச் சொல்லும் துணிவு அப்பிள்ளைக்கு இருக்கிறதா? சொன்னால் நம்புவதற்கு வீட்டில் ஆள் இருக்கிறதா?

ஆராய்ச்சி மணி

இக்கேள்விக்கு விடை காணப் புராணத்தையும் வரலாற்றையும் நாடலாம். திருவாரூரில் மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டப்பட்டிருந்ததும், கன்றை இழந்த பசு அம்மணியை அடித்து நீதி கேட்டதும் பெரியபுராணம் வாயிலாக எல்லோரும் அறிந்தவை. இதே போன்ற செய்தி அனுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் ஆட்சி செய்த தமிழ் மன்னன் எல்லாளனைப் பற்றியும் கூறப்படுகிறது. கூறுவது பௌத்தர்களின் மகாவம்சம். எல்லாளனின் படுக்கையின் தலைப்பக்கத்தில் ஒரு மணி கட்டப்பட்டு, நீதி வேண்டுவோர் இழுப்பதற்காக அதிலிருந்து நீண்ட கயிறு ஒன்று தொங்கவிடப்பட்டிருந்தது என்று அந்நூல் சொல்கிறது. கன்றை இழந்த பசு அதனை இழுத்தது. பாம்பிடம் தன் குஞ்சைப் பறிகொடுத்த பறவை இழுத்தது. பருவம் தப்பிய மழையில் தன் நெல் நனைந்துபோன கிழவியும் இழுத்தாள். எதிரியாகக் கருதப்பட்ட மன்னனையும் அந்நூல் நீதிமான் என்று புகழ்வதற்கு இந்த மணியே காரணம்.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். பசு மணியை அடித்தது கோள் என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. அரசகுமாரனைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்று எவரும் அதனைப் பழிக்கவில்லை. அது முறையிட்டது. முறையிடுதல் பாதிக்கப்பட்ட உயிரின் உரிமை. இரண்டாவது, அந்தக் கயிறு பறவைக்கும் எட்டியது. மணியை உயரத்திற் கட்டிவிட்டு, ஏன் எவரும் அடிக்கவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்திற் கயிற்றைத் தொங்கவிட வேண்டியது பெரியவர்களின் கடமை.

கோளுக்கும் முறைக்கும் உள்ள வேறுபாடு சொல்லிலன்று, நோக்கத்திலே இருக்கிறது. ஒருவனை அடி வாங்க வைப்பதற்காகச் சொன்னால் அது கோள். ஒருவனை அடியிலிருந்து காப்பதற்காகச் சொன்னால் அது முறை. "மிஸ், அவன் புத்தகத்துக்கு உறை போடாமல் வந்திருக்கிறான்" என்பது கோள். அதனால் எவருக்கும் நன்மை இல்லை. "மிஸ், அவன்ர சாப்பாட்டை ஒவ்வொரு நாளும் பறிக்கிறாங்கள், அவன் பசியோட இருக்கிறான்" என்பது முறை. கோள் ஒளிவாகவும், கூட்டிக் குறைத்தும் சொல்லப்படும். முறை, கண்டதைக் கண்டபடி, உதவக்கூடிய ஒருவரிடம் நேராகச் சொல்லப்படும். உண்மையைப் பிறருக்குத் தீங்கு விளையாத வகையிற் பேச வேண்டும் என்று கற்ற பிள்ளை, தீங்கைத் தடுப்பதற்காகப் பேசுவதும் அந்த வாய்மையின் பகுதியே என்பதை எளிதில் விளங்கிக்கொள்ளும்.

சபையில் இருந்தவர்கள்

வதைப்பவன் ஒருவன், வதைபடுபவன் ஒருவன் என்று மட்டும் எண்ணுவது போதாது. சுற்றி நிற்பவர்களும் உண்டு. அவர்களே தொகையில் மிகுதியானவர்கள். கனடாவின் ரொறன்ரோ நகரில் ஆரம்பப் பாடசாலைகளின் விளையாட்டிடங்களைக் கமராவிற் பதிவுசெய்து ஆராய்ந்தவர்கள் 2001 இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். வதை நடந்த நேரங்களில் நூற்றுக்கு 88 வீதமானவற்றில் வேறு பிள்ளைகள் பக்கத்தில் நின்றிருந்தனர். ஆனால் அவர்கள் தலையிட்டது நூற்றுக்கு 19 வீதமானவற்றில் மட்டுமே. அப்படித் தலையிட்ட வேளைகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றில், அதாவது 57 வீதமானவற்றில், வதை பத்து வினாடிக்குள் நின்றுபோனது. பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் ஒரு சொல்லுக்கு இத்தனை வலிமை இருக்கிறது.

இந்த உண்மையை மகாபாரதம் எப்போதோ சொல்லிவிட்டது. உடப்பிலும் பாண்டிருப்பிலும் திரௌபதி அம்மனுக்குக் கோயில் எடுத்துத் தீமிதித்து வழிபடும் மரபு இந்நாட்டில் உண்டு. அந்தத் தாயைச் சபையில் இழுத்து வந்து அவமானப்படுத்தியபோது அங்கே இருந்தவர்கள் யார்? பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார், கண்ணிழந்த மன்னன் இருந்தான். அறிவிலும் ஆற்றலிலும் குறைந்தவர் எவருமில்லை. அவர்கள் துச்சாதனனுக்குக் கை கொடுக்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். விதுரரைத் தவிர, எழுந்து நின்று இது அநியாயம் என்று சொன்னவன் விகர்ணன் ஒருவனே. அவன் துரியோதனனின் தம்பியருள் ஒருவன். வதைப்பவனின் பக்கத்தைச் சேர்ந்தவன். வயதில் இளையவன்.

விகர்ணன் சொன்னதால் என்ன நடந்தது என்று கேட்கலாம். கர்ணன் எழுந்து, சிறுபிள்ளைத்தனமாகப் பேசாதே என்று அவனை அடக்கிவிட்டான். அவனுடைய சொல் சபையில் எடுபடவில்லை. கதையின் பாடம் இங்கேதான் இருக்கிறது. சிறியவன் சரியாகவே பேசினான். அவனுக்குத் துணையாக ஒரு பெரியவர் எழுந்து நின்றிருந்தால் குருகுலத்தின் கதி வேறாக இருந்திருக்கும். உண்மை பேசும் பிள்ளையைச் "சின்னப்பிள்ளை, உனக்கென்ன தெரியும்" என்று அடக்குகின்ற ஒவ்வொரு பெரியவரும் அச்சபையிலே கர்ணனின் இடத்தில் இருக்கிறார். ஆகவே பிள்ளைக்குத் துணிவைக் கற்பிப்பது மட்டும் போதாது. அத்துணிவு வீண்போகாமற் பார்ப்பதும் பெரியவர்களின் பொறுப்பு.

சுற்றி நிற்கும் பிள்ளை வதைப்பவனோடு மோத வேண்டும் என்பதில்லை. சிரிக்காமல் இருக்கலாம். அழும் பிள்ளையின் பக்கத்திற் போய் நிற்கலாம். "வா, விளையாடப் போவம்" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகலாம். ஆசிரியரிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம். இவை யாவும் ஏழு வயதுப் பிள்ளையாற் செய்யக்கூடியவையே.

பெரியவர்களின் வாழ்விலும் இது உண்மை என்பதற்கு வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையுமே சாட்சி. 2007 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆந் திகதி கொழும்பின் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு உடனே உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தது. மறுநாளே இவ்வெளியேற்றத்தைத் தடுத்து நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. மனுச் செய்தவர்கள் அந்த லொட்ஜ்களில் இருந்தவர்கள் அல்லர். அயலில் நின்று கண்டவர்கள். மணிக்கயிற்றை இழுக்க வேண்டியவர் பாதிக்கப்பட்டவர் மட்டும் அல்லர் என்பதை அந்த ஒரு நாள் காட்டியது.

வீட்டிலிருந்து போகும் சொற்கள்

பிள்ளைகள் பிறரைப் புண்படுத்தும் சொற்களை எங்கே கற்கிறார்கள்? கொழும்பு வகுப்பறை ஒன்றிலே யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மட்டக்களப்புப் பிள்ளையும் மலையகப் பிள்ளையும் வன்னிப் பிள்ளையும் கொழும்பிலேயே பிறந்த பிள்ளையும் பக்கத்திற் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒருவரின் பேச்சு மற்றவருக்குப் புதிது. அதைக் கேட்டுச் சிரிப்பது இயல்பு. ஆனால் "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை எட்டு வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடிப்பதில்லை. நிறத்தைச் சொல்லி இழிப்பதும், சாதியைச் சொல்லி இழிப்பதும், தகப்பனின் தொழிலைச் சொல்லி இழிப்பதும் சாப்பாட்டு மேசையிலே பெரியவர்கள் பேசக் கேட்டுப் பிள்ளை கொண்டுபோகும் சொற்களே. வீட்டிலே பகிடியாகச் சொல்லப்பட்டது வகுப்பிலே வதையாகிறது.

கோயிலிலும் இதனைக் கவனிக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே திருநீறுதான் கொடுக்கப்படுகிறது. அறநெறிப் பாடசாலையிலோ, அன்னதானப் பந்தியிலோ, திருவிழாவில் வேலை பகிரும் போதோ ஒரு பிள்ளை பின்னுக்குத் தள்ளப்பட்டால், அதைக் காணும் மற்றப் பிள்ளைகள் எல்லாத் தேவாரங்களையும் மனனஞ் செய்தாலும் சைவத்தைக் கற்றவர்களாக மாட்டார்கள்.

திருப்பி அடிக்கச் சொல்லலாமா?

"என்ர பிள்ளைக்கு நான் சொல்லியிருக்கிறன், ஒருத்தன் அடிச்சால் ரெண்டாத் திருப்பிக் குடு எண்டு" எனப் பெருமையோடு சொல்லும் தகப்பன்மார் உண்டு. அவர்களின் பாசம் விளங்கக்கூடியது. ஆனால் வதையின் மூன்றாவது அடையாளம், எதிர்த்து நிற்க இயலாத பிள்ளைக்கே அது நடக்கிறது என்பதாகும். திருப்பி அடிக்கக்கூடிய பிள்ளையாக இருந்தால் அவனைத் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டார்கள். இயலாத பிள்ளையிடம் திருப்பி அடி என்று சொன்னால், அது வகுப்பிலும் தோற்றுத் தகப்பனிடமும் தோற்றுவிடுகிறது. பிறகு எதையும் சொல்லாது. "நிறுத்து, எனக்கு இது பிடிக்கேல்லை" என்று தலை நிமிர்ந்து உரத்த குரலிற் சொல்லி, அவ்விடத்தை விட்டு நீங்கி, பெரியவரிடம் வரப் பழக்குவதே பயன் தரும்.

வதைத்த பிள்ளையை என்ன செய்வது? அவனும் ஒரு தாயின் பிள்ளையே. பல வேளைகளில் அவனும் வீட்டிலோ வேறிடத்திலோ அடிபட்டவனாக இருக்கிறான். அவனைப் பிரம்பால் அடித்தால், பெரியவன் சிறியவனை அடிக்கலாம் என்ற அவனுடைய நம்பிக்கையே உறுதிப்படும். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றறிக்கை தடுத்துள்ளது. தண்டனை வேண்டாம் என்பதனாற் கண்டிப்பு வேண்டாம் என்பதாகாது. செய்த பிழையை அவன் வாயால் ஒப்புக்கொள்ளச் செய்தல், பறித்ததைத் திருப்பிக் கொடுக்கச் செய்தல், தான் அழவைத்த பிள்ளைக்கு நாள்தோறும் ஓர் உதவி செய்யப் பழக்குதல் ஆகியவை அவனையும் மீட்கும் வழிகள். தம் பிள்ளைமீது முறைப்பாடு வந்தால் "என்ர பிள்ளை அப்பிடிச் செய்யான்" என்று பாடசாலை வாசலில் நின்று சண்டை பிடிக்கும் பெற்றோர் அவனுக்குப் பெருந்தீங்கு செய்கின்றனர்.

சிறு வயதில் திருத்தாமல் விட்டதன் விளைவைப் பெரிய வயதில் இந்நாடு கண்டிருக்கிறது. 1997 இற் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் மூத்த மாணவர்களின் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தார். கஷ்டப்பட்டுப் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளை. மறு ஆண்டு, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்த பின்னரும் பகிடிவதை முற்றாக ஒழியவில்லை. இருபது வயதில் ஒருவனைச் சட்டத்தால் தடுப்பதிலும் பார்க்க ஏழு வயதில் அன்பாற் பழக்குவது எளிது.

பெற்றோர் செய்யத்தக்கவை

பெற்றோர் நாள்தோறும் பிள்ளையோடு பத்து நிமிடமாவது இருந்து பேசுதல் வேண்டும். "எத்தனை மார்க்ஸ்?" என்ற கேள்விக்கு முன்னதாக "இண்டைக்கு ஆரோட விளையாடினனீ? ஆர் தனியா இருந்தது?" என்ற கேள்வி வரட்டும். புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்கடியிலும் இந்தப் பத்து நிமிடத்தைப் பறிக்கலாகாது.

பிள்ளை ஒன்றைச் சொன்னால் முதலில் முழுவதையும் கேட்க வேண்டும். இடையிற் புகுந்து "நீ என்ன செய்தனீ?" என்று விசாரணை நடத்தக்கூடாது. "சொன்னது நல்லது" என்ற வார்த்தையே பிள்ளைக்கு முதல் மருந்து. அடுத்ததாக, திகதி, இடம், நடந்தது ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி வைத்து, வகுப்பாசிரியரை அமைதியாகச் சந்திக்க வேண்டும். அங்கே பயன் இல்லையேல் பகுதித் தலைவர், அதிபர், வலயக் கல்விப் பணிமனை என்று படிப்படியாகப் போகலாம். எழுத்திற் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியை வைத்திருப்பது அவசியம். மற்றப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போடுவதாற் சிக்கல் கூடுமேயன்றிக் குறையாது.

கொடுமை பாரதூரமானதாக இருந்தால், 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி மூலம் முறையிடலாம். இது கட்டணமின்றி இரவு பகல் எந்நேரமும் இயங்குவது. தமிழிலும் பேசலாம். வீட்டு முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் பிள்ளைக்குப் பாடமாக்குவது போல இந்த நான்கு எண்களையும் பாடமாக்குவது நன்று. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம், தன்னைப் பாதிக்கும் விடயத்தில் தன் கருத்தைச் சொல்லவும் அது கேட்கப்படவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது. எல்லாளன் கயிறு கட்டிச் செய்ததும் அதுவே.

தாய் தகப்பனிடம் சொல்லக் கூச்சப்படும் விடயத்தைப் பிள்ளை வேறொருவரிடம் சொல்லக்கூடும். ஆதலால் "அம்மாவிடம் சொல்ல ஏலாட்டி அம்மம்மாவிடம் சொல், மாமியிடம் சொல், அறநெறி ரீச்சரிடம் சொல்" என்று மூன்று பேரையாவது பெயர் குறித்துக் காட்டி வைக்க வேண்டும். ஊரிலிருக்கும் பாட்டன் பாட்டிமார் தொலைபேசியிற் பேசும்போது "வடிவாப் படிக்கிறியா?" என்பதோடு நிறுத்திவிடாமல், "ஆரும் கரைச்சல் குடுக்கினமா? சொல்லு ராசா, நான் ஏச மாட்டன்" என்றும் கேட்கலாம். தூரத்திலிருக்கும் அந்தக் குரல் பல வேளைகளில் அருகிலிருப்பவரிலும் பார்க்க ஆறுதல் தரும்.

நிறைவாக

கோள் சொல்லாதே என்ற பழைய பாடத்தைக் கைவிடத் தேவையில்லை. அதனோடு இன்னொரு வரியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோள் சொல்லாதே, ஆனால் ஓர் உயிர் வருந்தக் கண்டால் முறையிடாமல் இராதே. இரண்டும் சேர்ந்தால்தான் அப்பாடம் நிறைவு பெறும். எவ்வுயிர்க்கும் இன்னா செய்யாதிருப்பது ஓர் அறம். இன்னா செய்யப்படுவதைக் கண்டு வாளாவிராதிருப்பது அதன் மறுபாதி.

கோயிலுக்கு வரும் சிறு பிள்ளைகளுக்கு மணி அடிக்க ஆசை. கை எட்டாத பிள்ளையைத் தகப்பன் தூக்கிப் பிடிப்பார். அதன் பின்னர் பிள்ளை தன் கையாலேயே கயிற்றை இழுக்கும். முறையிடும் மணிக்கும் பிள்ளையை அவ்வாறே தூக்கிப் பிடிக்கும் பெற்றோராகவும் பெரியோராகவும் அடியார்கள் அனைவரும் விளங்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.